ஓட்டை வழியே ஒரு வைத்தியம்

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் முருகன் படத்தையும் கேமராப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டிவிஆர் பெட்டியையும் அருகருகே வைத்திருக்கிறார்கள். ஊதுபத்திச் சாம்பல் இரண்டின் மேலும் பாரபட்சமில்லாமல் விழும். ஒருநாள் அண்ணாச்சி ஆள் விட்டு அழைத்தார். கடையில் நெட் நகரவே மாட்டேன் என்கிறதாம். பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் சொல்வதற்குள் வாங்கியவர் பாதித் தெரு போய்விடுகிறாராம்.

ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். கடையிலிருந்து வெளியே போகும் பாதை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அனுப்பிக்கொண்டிருந்தது டிவிஆர். யாரும் போனில் கேமரா பார்க்காத நேரத்தில் அது யாருக்கு எதை அனுப்புகிறது?

“இதுக்குப் பாஸ்வேர்ட் என்ன அண்ணாச்சி?”

“பாஸ்வேர்டா? அதெல்லாம் போடலயே தம்பி. சும்மா ஓகே அமுக்கு, தொறந்துக்கும்.”

பெட்டி வாங்கியது 2015-இல். மேலே ஒட்டியிருந்த பிராண்டின் இணைய முகவரியைத் தட்டினால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று வருகிறது. கேமரா மாட்டிக்கொடுத்த பையன் துபாய் போய்விட்டான். போகுமுன் ஒரு காரியம் செய்திருந்தான். ஊருக்குப் போனாலும் அண்ணாச்சி போனில் கடையைப் பார்க்க வேண்டுமே என்று ரவுட்டரில் டிஎம்இசட் போட்டு, வெளியிலிருந்து யார் தட்டினாலும் நேரே டிவிஆரின் வாசலுக்கு வந்து சேரும்படி வழி விட்டிருந்தான். நல்ல எண்ணம்தான்.

ஒருமுறை ஹார்டு டிஸ்க் மாற்றியதைத் தவிர அந்தப் பெட்டி பத்து வருடத்தில் ஒரு செலவும் வைத்ததில்லை. தகரமும் சில்லும் திடமாக இருக்கின்றன. உள்ளே நிரந்தரமாகப் பதிந்து ஓடும் ஃபர்ம்வேர் என்கிற மென்பொருளுக்குத்தான் கேட்பாரில்லை. அதைத் துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கக்கூடிய வேறொன்றைப் போட முடியாதா? போடலாம். உலகின் பல மூலைகளில் சிலர் சம்பளமில்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உள்ளே நுழையும் வழியைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இந்தப் பெட்டிகளின் பெயர் ஊரறியக் கெட்டது 2016-இல். அந்த செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தின் மீது நொடிக்குச் சுமார் 620 கிகாபிட் குப்பைத் தரவு கொட்டியது. அக்டோபர் 21-ஆம் தேதி டின் என்ற நிறுவனம் மாட்டியது. தளங்களின் பெயரைச் சொன்னால் அவற்றின் எண் முகவரியைத் தேடித் தருவது அதன் வேலை. அது படுத்ததும் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கிய படையில் இருந்தவை கண்காணிப்புக் கேமராக்கள், டிவிஆர்கள், வீட்டு ரவுட்டர்கள். அவற்றைப் பிடித்து ஆட்டிய நிரலுக்கு மிராய் என்று பெயர். எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 முடிவதற்குள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

மிராயின் வித்தையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணில் படும் இணைய முகவரிகளில் எல்லாம் டெல்நெட் கதவைத் தட்டும். தொலைவிலிருந்து ஒரு கருவிக்குக் கட்டளை தட்டச்சு செய்ய உதவும், மறைப்பே இல்லாத பழங்கால வழி அது. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால், கையில் இருக்கும் அறுபத்துச் சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அந்தப் பட்டியலில் இருந்த ஒன்று, ‘ரூட்’ என்ற பெயருக்கு ‘எக்ஸ்சி3511’. சீனாவின் ஹாங்ஜோவில் இருக்கும் ஷியோங்மாய் நிறுவனத்தின் பலகைகளைத் திறந்த சாவி அது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் கேட்கும் அட்மின் கடவுச்சொல் வேறு, இந்த ரூட் கடவுச்சொல் வேறு. முன்னது கடைக்காரர் வாங்கிப் போட்ட ஷட்டர் பூட்டு. பின்னது கட்டடம் கட்டிய மேஸ்திரி தன் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்ட கொல்லைப்புறச் சாவி. அதுவும் அவர் கட்டிய எல்லாக் கடைக்கும் ஒரே சாவி. மெனுவில் எங்கே தேடினாலும் அதை மாற்ற இடம் கிடையாது, ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. ‘உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். இந்த வகைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் வாய்வார்த்தை.

மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டும் குடியிருக்கும். கரண்ட் போய் வந்தால் செத்துவிடும். கதவு அப்படியே திறந்து கிடப்பதால் சில நிமிடங்களில் இன்னொரு பிரதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணாச்சியின் பெட்டியிலும் அதே நடத்தைதான். பிளக்கைப் பிடுங்கிச் செருகியதும் நெட் பறந்தது. எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி படுத்துவிட்டது. மிராயின் மூலநிரல் அந்த 2016-லேயே பொதுவெளிக்கு வந்துவிட்டதால் அதன் பேரன் பேத்திகள் இன்னும் அலைகின்றன. இங்கே குடியிருந்தது எந்தப் பேரன் என்று நான் தோண்டவில்லை.

தயாரித்தவர்கள் ஏன் சரிசெய்யவில்லை என்றால், தயாரித்தவர் யார் என்பதே சிக்கலான கேள்வி. டின் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற சில கருவிகளைத் திரும்பப் பெறுவதாக ஷியோங்மாய் அறிவித்தது. ஆனால் பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருப்பதே அபூர்வம். சில்லும் அதற்கான அடிப்படை மென்பொருளும் ஒருவரிடமிருந்து வருகின்றன. அவற்றை வைத்துப் பலகையும் ஃபர்ம்வேரும் செய்பவர் இன்னொருவர். வாங்கித் தன் பெயரை அச்சடித்து விற்பவர்கள் ஏராளம். 2018 அக்டோபரில் எஸ்இசி கன்சல்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஷியோங்மாய் கருவிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் இருந்தன. அந்த நிறுவனத்தின் கிளவுட் சேவை வழியாக எட்டிப் பிடிக்கக்கூடிய கருவிகள் சுமார் 90 லட்சம். ஆரம்பத்தில் அட்மினுக்குக் கடவுச்சொல் காலி. போதாததற்கு யாருக்கும் சொல்லாத இன்னொரு கணக்கு. அதன் பெயர் ‘டிஃபால்ட்’. கடவுச்சொல், ஆங்கிலத்தில் அதே சொல்லைப் பின்னாலிருந்து முன்னால் எழுதியது. யாரோ ஒரு பொறியாளர் சாப்பாட்டு மணி அடித்த பிறகு தட்டியிருக்க வேண்டும்.

அதே அறிக்கையில் என்னை அதிகம் கலக்கியது கியூஆர் கோடு சங்கதி. கோடை ஸ்கேன் செய்தால் போதும், போனில் படம் வந்துவிடும். டிஎம்இசட் எல்லாம் வேண்டாம். பெட்டி தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசிக்கொண்டு காத்திருக்கிறது. போன் அதே சர்வரிடம் வந்து பெட்டியின் அடையாள எண்ணைச் சொல்கிறது. சர்வர் இரண்டையும் கோத்துவிடுகிறது. ரவுட்டரில் எந்தக் கதவையும் திறக்கத் தேவையில்லை, ஆகவே எந்தக் கதவை மூடியும் பயனில்லை. அடையாள எண்ணாவது யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டாமா? அது கருவியின் மேக் முகவரி என்ற வன்பொருள் எண்ணிலிருந்து கணக்கிடப்பட்டது. மேக் முகவரிகள் வரிசையாகத் தரப்படுபவை. ஒரு வீட்டின் கதவிலக்கம் தெரிந்தால் தெரு முழுக்கத் தெரிந்த மாதிரி.

சரி, ஓட்டைக்கு வருவோம். ஆரம்பகால ஃபர்ம்வேரில் டெல்நெட் எப்போதும் திறந்தே இருந்தது. திட்டு வாங்கிய பிறகு மூடினார்கள். மூடிய கையோடு 9530 என்ற எண்ணில் வேறொரு கதவை வைத்தார்கள். 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் அதைப் பிரித்து விளக்கி எழுதினார். அந்தக் கதவில் நின்று ‘ஓப்பன்டெல்நெட்’ என்று கட்டளை சொன்னால் பெட்டி ஏதோ ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அந்த எண்ணை முன்பே பேசிவைத்த ரகசியச் சாவியோடு சேர்த்து மறையாக்கி அனுப்பினால், சரி என்று டெல்நெட்டைத் திறந்துவிடும். காதுக்கு நல்ல பாதுகாப்பு ஏற்பாடு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே ரகசியச் சாவி; அதுவும் ஃபர்ம்வேர் கோப்பைப் பிரித்தால் உள்ளேயே கிடைக்கும். பெட்டிகளில் இருந்தது ஹைசிலிகான் சில்லு என்பதால் முதலில் பழி அதன் தாய் நிறுவனமான ஹூவாவெய் மேல் விழுந்தது. எங்கள் சில்லிலோ அதோடு நாங்கள் தரும் மென்பொருளிலோ இது இல்லை என்று ஹூவாவெய் மறுத்தது.

சிரிப்பு இங்கேதான். கைவிடப்பட்ட கருவிக்கு மாற்று ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களுக்கும் முதலில் உள்ளே போக வழி வேண்டும். தயாரிப்பாளர் தரமாட்டார். ஆக, திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கிய இடத்திலேயேதான் வைத்தியரும் இறங்குகிறார். பழைய ரூட் கடவுச்சொல், 9530, இணையப் பக்கத்தில் இருக்கும் பிழை என்று எது திறக்கிறதோ அதன் வழியே போய், உள்ளே இருப்பதைப் படியெடுத்து, புதியதை எழுதி, வெளியே வரும்போது அந்த ஓட்டையை அடைத்துவிட்டு வருகிறார்.

ஓட்டை கிடைக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவர். என் வீட்டு மொட்டைமாடியில் இருந்த பழைய ஐபி கேமராவை அப்படித்தான் திறந்தேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு பலகை. அதன் ஓரத்தில் மூன்று ஈயப் புள்ளிகள்: ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, ஒன்று எர்த். யுஏஆர்டி என்பார்கள், தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்க வைத்தது, பிறகு யாரும் எடுப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய யூஎஸ்பி-சீரியல் துண்டை 3.3 வோல்ட்டில் வைத்து, மூன்று ஒயரைப் பற்றவைத்து, வேகத்தை 115200 என்று கொடுத்துக் கரண்ட் போட்டேன். திரையில் எழுத்துகள் சரசரவென்று இறங்கின. முதலில் எழுவது யூ-பூட் என்ற குட்டி நிரல், 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒரு நொடி எண்ணும். அதற்குள் கன்ட்ரோல்-சி அடித்தால் அப்படியே நின்று நம் சொல்லுக்குக் காத்திருக்கும். தவறவிட்டால் மறுபடி பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான். நாலாவது தடவையில் பிடித்தேன்.

பிடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபிளாஷ் சில்லில் இருப்பதை ஒரு பைட் விடாமல் படியெடுத்துக் கணினிக்கு அனுப்பிப் பத்திரப்படுத்துவது. இதைச் செய்யாமல் பாய்ந்தவர்களின் கேமராக்கள் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகின்றன. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

படியெடுத்தால் மொத்தம் 8 மெகாபைட். போனில் எடுத்த இரண்டு போட்டோ அளவு. இதற்குள் ஒரு முழு லினக்ஸ் குடியிருக்க வேண்டும். ஐபி கேமராக்களுக்கான மாற்று ஃபர்ம்வேர்களில் பரந்த ஆதரவுள்ள ஓப்பன்ஐபிசி இந்த இடத்தைப் பங்கு பிரிப்பது ஒண்டுக் குடித்தனத்தில் வீடு பிரிக்கிற மாதிரி. யூ-பூட்டுக்கு 256 கிலோபைட், அதன் அமைப்புகளுக்கு 64, லினக்ஸின் கருவான கெர்னலுக்கு 2048, மற்ற எல்லா நிரல்களையும் அழுத்திச் சுருக்கித் திணிக்க 5120. போக மீதம் 704 கிலோபைட். நாம் மாற்றும் அமைப்புகள் அனைத்தும் அந்தத் திண்ணையில்தான் படுக்க வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. சுருக்கி வைத்த பகுதி படிக்க மட்டுமே; ஓடும்போது அதில் உள்ள கோப்புகளை நேரடியாக மாற்ற முடியாது. ஏதாவது கெட்டுப்போனால் திண்ணையை மட்டும் கூட்டித் தள்ளினால் போதும்.

புதிய ஃபர்ம்வேரில் பாதிப் பாதுகாப்பு, என்ன இல்லை என்பதிலிருந்து வருகிறது. மாற்றவே முடியாத ரூட் சாவி இல்லை. யாரென்றே தெரியாத சர்வரோடு ஓயாத பேச்சு இல்லை. மறைந்திருக்கும் கணக்கு இல்லை. இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நிரலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் அப்படிப் பார்க்க முடியுமா என்றால், முடியாது. திறந்த ஃபர்ம்வேரைப் பற்றிப் பெருமையடிப்பவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள். 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை உரிம நிர்ப்பந்தத்தால் வெளியிட, அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி முளைத்து ஒரு தலைமுறை ரவுட்டர்களுக்கு மறுபிறவி கொடுத்தது. கேமராவுக்கும் அதே மாதிரி என்று நினைத்து இறங்கினால் சேற்றில் கால் வைத்த கதை. ரவுட்டர் தரவுப் பொட்டலங்களை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது. கேமரா படம் செய்ய வேண்டும். சென்சாரிலிருந்து வருவது படமே அல்ல. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். அதிலிருந்து இடைவெளி நிரப்பி, வெளிச்சம் சரிசெய்து, இரைச்சல் நீக்கி, பிறகு வீடியோவாகச் சுருக்க வேண்டும். சில்லுக்குள் இருக்கும் தனிச் சுற்றுகள் இதைச் செய்கின்றன. அவற்றை ஓட்டும் மென்பொருளைச் சில்லுக் கம்பெனிகள் மூலநிரலாகத் தருவதில்லை, அரைத்த மாவாகத்தான் தருகின்றன. அந்த மாவு ஒரே ஒரு கெர்னல் பதிப்போடு மட்டும்தான் ஒட்டும். என் கேமராவில் இருக்கும் ஹை3518இவி200 சில்லுக்கு அது 3.4.35. லினக்ஸ் 3.4 வெளிவந்தது 2012-இல். அதற்கான பராமரிப்பு 2016-லேயே முடிந்துவிட்டது. ஆகவே மேல்மாடி புதுசு, அஸ்திவாரம் பழசு. ஓப்பன்ஐபிசியில் படத்தை வெளியே அனுப்பும் மெஜஸ்டிக் என்ற நிரலும் நெடுநாள் மூடிய நிரலாகவே வந்தது. திறந்த மாற்றாக டிவைனஸ் என்றொன்றை எழுதினார்கள். முழுசாகத் திறக்காததைத் திறந்தது என்று சொல்லலாமா என்று இந்த வட்டாரத்தில் சண்டை உண்டு. பாதி திறந்த கதவும், முழுக்க மூடிய கதவுக்குப் பின்னால் கிடந்த கேமராவுக்கு விடிவுதான் என்பது என் கட்சி.

புதிய ஃபர்ம்வேர் எழுந்து முதல் படம் வந்தபோது பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஊதா நிறத்தில் நின்றது. லென்ஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கின் ஒளியைப் பிடிக்க வேண்டும் என்பதால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டியை ஒரு சின்னக் காயில் நகர்த்திவிடும். பகலில் திரும்ப முன்னால் கொண்டுவரும். எந்தப் பின்னில் மின்சாரம் கொடுத்தால் அந்தக் காயில் அசையும் என்பது பலகைக்குப் பலகை மாறும். புதிய ஃபர்ம்வேருக்கு அது தெரியாது, வடிகட்டி விலகியபடியே நின்றுவிட்டது. பச்சை இலைகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்புபவை, அதனால் முதலில் நிறம் மாறுவது மரம்தான். பின் எண்களை ஒவ்வொன்றாகச் சீண்டிப் பார்த்தேன். ஒரு கணத்துக்கு மேல் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் காயில் கருகிவிடும், அதனால் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். ஏழாவதோ எட்டாவதோ எண்ணில் ‘டக்’ என்று ஒரு சத்தம். முருங்கை பச்சைக்கு வந்தது.

கேமராவுக்கே இந்தப் பாடு. டிவிஆர் இன்னும் பிடிவாதம். நான்கு, எட்டு, பதினாறு கேபிள்களில் வரும் அனலாக் சமிக்ஞையை வாங்கி எண்ணாக்கத் தனிச் சில்லுகள், டிவியில் தெரியும் மெனு, மவுஸ், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர வேண்டும். ஷியோங்மாய் வம்சத்தில் இத்தனையையும் ‘சோஃபியா’ என்ற ஒற்றை நிரல் தலையில் சுமக்கிறது. அதை நிறுத்திவிட்டு நம்முடையதை ஓட்டிப் பார்ப்போம் என்றால், பெட்டியில் வாட்ச்டாக் என்றொரு காவல் கடிகாரம் இருக்கிறது. சோஃபியா அதை அவ்வப்போது தட்டிக்கொடுக்காவிட்டால், செத்துவிட்டது என்று முடிவு கட்டி பெட்டியையே ரீபூட் செய்துவிடும். முதலில் நாயைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். ஓப்பன்ஐபிசி அளவுக்குக் கனிந்த ஃபர்ம்வேர் டிவிஆருக்கு நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில், இந்தப் பெட்டிகள் 34567 என்ற கதவில் பேசும் மொழியை உடைத்துப் படித்து, பைத்தானில் நூலகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் நிரலை மாற்றாமலேயே அதிலிருந்து படத்தை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கருவிகளைப் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே விற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கடைத்தெருவில் மலிவுப் பெட்டிகள் குறைந்தால் நல்லதுதான். ஆனால் அந்த விதிகளைப் படிக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. யுஏஆர்டி போன்ற வழிகளை மூட வேண்டும் அல்லது வலுவான கடவுச்சொல் போட வேண்டும். தயாரிப்பாளரின் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரைக் கருவி ஏற்கக் கூடாது. திருடனைத் தடுக்கச் சரியான ஏற்பாடு. அதே ஏற்பாடு வைத்தியரையும் தடுக்கும். கையெழுத்துச் சாவி வைத்திருக்கும் கம்பெனி இழுத்து மூடிய பிறகு, உறுதியான பூட்டு போட்ட பிணம்தான் மிஞ்சும். ஐரோப்பாவின் புதிய சைபர் சட்டம், 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாக 5 ஆண்டுகளாவது பாதுகாப்புத் திருத்தம் தரச் சொல்கிறது. அண்ணாச்சியின் பெட்டிக்கு வயது அதைப்போல இரண்டு மடங்கு. ஆதரவை நிறுத்தும் நாளில் சாவியை வாங்கியவர் கையில் கொடுத்துவிடு என்று எந்தச் சட்டமாவது சொன்னால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கடையில் நான் செய்தது சுருக்கமானது. ரவுட்டரில் டிஎம்இசட்டை எடுத்தேன். டிவிஆரின் கேபிளை அங்கிருந்து பிடுங்கி, பழைய மினி கம்ப்யூட்டர் ஒன்றில் செருகினேன். இனி அதற்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு கேபிள்தான். படத்தை உருவுவதும், போன் வந்து கேட்டால் மறையாக்கிக் கொடுப்பதும் கம்ப்யூட்டரின் வேலை. அண்ணாச்சியின் போனில் மறையாக்கிய பாதை போடும் வயர்கார்டு என்ற செயலியைப் போட்டு, பார்க்கும் முன் அதை ஆன் செய்ய வேண்டும் என்று மூன்று முறை செய்து காட்டினேன்.

ஸ்பீக்கர் உடனுக்குடன் பேசத் தொடங்கியதில் அவருக்குச் சந்தோஷம். போனில் படம் வர ஒரு தட்டு அதிகம் என்பதில் வருத்தம். கடலைமிட்டாய் ஜாடியைத் திறந்து ஒன்றை என்னிடம் நீட்டியபடி, புதிதாக வந்து உட்கார்ந்த பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கு யாரு தம்பி அப்டேட் போடுவா?”

“நான்தான் அண்ணாச்சி.”

“நீயும் துபாய் கிபாய் போயிர மாட்டியே?”